பாசி மேல் பழி போடாதீர்கள்!

ஆம்பூர் நண்பர் ஒருவர். தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். தவளை, தட்டான் வந்தால் பேத்திக்குக் காட்டலாமே என்று கொல்லையில் சின்னதாக ஒரு குளம் வெட்டினார். மூணாவது மாசம் தண்ணீர் பச்சை. உடனே போன். "சார், மயில்துத்தம் போட்டுடட்டுமா? ஒரே நாள்ல தெளிஞ்சிடும்னு கடைக்காரர் சொல்றார்."

தெளியும். ஆபத்தே அதுதான். செத்த பாசி அடியில் அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தின்னும்; மீன் செத்து மிதக்கும். பாசியை மேய்கிற நத்தையும் தலைப்பிரட்டையும் தாமிரத்தில் சாகும். அழுகலிலிருந்து வரும் சத்தில் புதுப் பாசி வளரும். நீங்கள் மறுபடி கடைக்குப் போவீர்கள். கடைக்காரருக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைத்தாச்சு!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். குளத்துக்கும் ஒரு பேரேடு உண்டு. சோப்புத் தண்ணீர், செடி உரம், மீனுக்குக் கொட்டும் பொரி, உதிர்ந்த இலை எல்லாமே வரவு. பாசிதான் இருப்பு. இருப்பை ரப்பர் வைத்து அழித்தால் கணக்கு நேராகுமா? வரவை நிறுத்துங்கள் சார்!

சோப்புத் தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள். பாதிக் குளத்தை மூடுகிற மாதிரி அல்லி வையுங்கள். வெயில் குறைந்தால் பாசி குறையும். ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம், குளத்தையே விழுங்கிவிடும். நூல்பாசியைக் குச்சியில் சுற்றி எடுத்து, ஒரு ராத்திரி கரையில் போடுங்கள். அதிலுள்ள பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பட்டும். அப்புறம் தென்னைக்கு எரு. கொசுப்புழுவைத் தட்டான் குஞ்சு பார்த்துக்கொள்ளும். வற்றினால் போர்வெல் தண்ணீர் விடாதீர்கள், மழைநீர் விடுங்கள்.

நண்பர் சிரித்தார். "போர்வெல் தண்ணில உப்புன்னு எங்க ஊர்க்காரனுக்கா சொல்றீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழ் என்று அதில் பதிவானது. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவனே பணம் கட்டணும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி என்றும் சொன்னார்கள். அப்புறம்? இழப்பீட்டைப் பற்றியும் பாலாற்றை மீட்பது பற்றியும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம்!

இங்கேயும் மயில்துத்த வைத்தியம்தான். தோல் அழுகாமலிருக்கப் பூசுகிற உப்பு தண்ணீரில் கரைந்துவிட்டால், சாதாரண சுத்திகரிப்பு நிலையத்தால் பிடிக்க முடியாது. செலவழித்து ஆவியாக்கினாலும் உப்பு குவியலாக மிஞ்சும். ஊறப்போடும் முன்பே தோலை உதறி, முடிந்தவரை உப்பை எடுப்பதல்லவா முதல் வேலை? தொழிலை மூடச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் சோறு. தோலை உதறச் சொல்கிறேன். உதறுகிறார்களா என்று அதிகாரிகளை வாசலில் நின்று பார்க்கச் சொல்கிறேன்.

நாலு மாசத்தில் நண்பர் குளம் தேறிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் பாசி, தலைப்பிரட்டைக்குச் சாப்பாடு. போன வாரம் போனில் தவளைச் சத்தம் கேட்க வைத்தார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷம் கணக்கெழுதினேன். எத்தனை மூட்டை உப்பு வாங்கினோம்னு எழுதியிருக்கேன். அது எங்க போச்சுன்னு எழுத ஒரு பக்கம்கூட இருந்ததில்லை சார்."

அந்தப் பக்கத்தை இனியாவது திறப்பார்களா?