‘அரிது’ என்றால் எத்தனை பேர்?

மாணவர்களே, சிசேரியன் செய்துகொண்ட அம்மாக்கள் சிலர், “அன்று முதுகில் போட்ட ஊசிதான் இன்றைய முதுகுவலிக்குக் காரணம்” என்பார்கள். ஊசி இறங்கிய இடம் சில நாள் வலிக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீளும் வலிக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். ஊசி தண்டுவடத்தைக் குத்திவிடுமோ என்ற பயமும் உண்டு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே, நரம்புகள் குதிரைவால்போல் திரவத்தில் மிதக்கும் இடத்தில்தான் ஊசியைப் போடுகிறார்கள்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பிரிட்டனில் 2009இல் வெளியான ஆய்வு, எபிடியூரல் உட்பட முதுகில் போடும் மரப்பு ஊசிகள் 700,000க்கும் மேற்பட்டவற்றைக் கணக்கில் எடுத்தது. சந்தேகத்துக்குரியவற்றைச் சேர்த்தாலும், நிரந்தரப் பாதிப்பு 100,000இல் சுமார் 4 பேருக்குத்தான்.

அந்த நால்வருக்கு நேரம் முக்கியம். இரத்தம் கட்டி நரம்பை அழுத்தினால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவை. மருந்து தெளிய வேண்டிய நேரம் கடந்தும் கால் அசையவில்லை, பிட்டமும் தொடையிடுக்கும் மரத்தே இருக்கின்றன, சிறுநீர் போக முடியவில்லை என்றால் நோயாளி உடனே சொல்ல வேண்டும். முன்பே தெரிந்தால்தானே சொல்வார்? ஒப்புதல் பாரத்தில் ‘அரிது’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், அந்த எண்ணையும் இந்த அறிகுறிகளையும் எழுதிக் கொடுக்கலாம். அரைப் பக்கம் போதும்.