வலிக்கு மருந்து மலிவு, கிடைப்பதுதான் அரிது!

மார்பின் என்பது அபினியிலிருந்து எடுக்கப்படும் வலி மருந்து. புற்றுநோய் முற்றியவர்களின் கொடிய வலியை அடக்குவதில் இதற்கு நிகரான மலிவு மருந்து வேறில்லை. விழுங்கும் மார்பின் மாத்திரையை உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. நமது மத்திய சர்க்காரின் பட்டியலிலும் அது உண்டு. சாதாரண மாத்திரை ஒன்றின் விலை சில ரூபாய்தான். அப்படியிருந்தும் வலியால் துடிக்கும் ஏழைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது கிட்டுவதில்லை. ஏன்?

மூலப்பொருள் இல்லாமையா? இல்லவே இல்லை! மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விவசாயிகள் சர்க்கார் உரிமம் பெற்றுக் கசகசாச் செடி பயிரிடுகிறார்கள். காயைக் கீறி எடுக்கும் பாலை, சர்க்கார் நிர்ணயிக்கும் விலைக்கு சர்க்காரிடமே ஒப்படைக்கிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள சர்க்கார் ஆலைகளில் அது பதப்படுத்தப்படுகிறது. காஜிப்பூர் ஆலை, சீன மக்களுக்கு அபினி விற்றுப் பொருள் குவித்த கிழக்கிந்தியக் கம்பெனி 1820-ல் தொடங்கியது. நம் விவசாயி விளைவிக்கிறான், நம் தொழிலாளி பதப்படுத்துகிறான், சரக்கு வெளிநாட்டுக்கும் போகிறது. அந்த விவசாயிக்கும் தொழிலாளிக்கும் வலி வந்தால் மாத்திரை இல்லை!

1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கள்ளக் கடத்தலை ஒடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டம் ஆஸ்பத்திரியையும் கடத்தல்காரனையும் ஒரே கயிற்றில் கட்டியது. மார்பின் வாங்கிவைக்க நான்கைந்து உரிமங்கள் வேண்டியிருந்தன. கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் சிறைவாசம் என்ற பயம். 1985-ல் 573 கிலோவாக இருந்த நாட்டின் மார்பின் உபயோகம் 1997-ல் 18 கிலோவாக வீழ்ந்தது. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல்லாண்டு போராடியதன் பலனாக 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி, ஒரே உரிமத்தில் மார்பின் வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் திருந்தியது; வியாபாரம் திருந்தவில்லை. சில ரூபாய் மாத்திரையில் லாபம் சொற்பம், பதிவேட்டு வேலையோ அதிகம். ஆகவே தனியார் முதலாளிகளுக்கு அதில் அக்கறையில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை தோலில் ஒட்டும் பென்டனில் பேட்ச் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான ரூபாய். லாபம் அங்கேதான் இருக்கிறது.

லாபம் பெருகும் இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் பர்டூ பார்மா கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற அபினிவகை மாத்திரையைச் சந்தையில் இறக்கி, அடிமைப்படுத்தும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றது. 2007-லும் 2020-லும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபினிவகை மருந்துகளாலும் போதைப்பொருள்களாலும் அந்த நாட்டில் மாண்டோர் பல லட்சம். 2017-ல் லான்செட் ஆணையம் வெளியிட்ட கணக்கின்படி அமெரிக்காவுக்குக் கிடைப்பது தேவையைப்போல் 31 மடங்கு. இந்தியாவுக்குக் கிடைப்பது தேவையில் 4 சதவிகிதம். அங்கே வெள்ளம், இங்கே வறட்சி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மருந்து எங்கே போகவேண்டும் என்பதை நோயாளியின் வலி தீர்மானிக்கவில்லை, முதலாளியின் லாபம் தீர்மானிக்கிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் தொழிலாளர்களும் முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை விவசாயக் கூலிகளும் புற்றுநோய் என்றால் அடையாறுக்கோ, சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ ஓடவேண்டியிருக்கிறது. நோயாளியோடு துணைக்கு ஒருவர் போனால் அவர் கூலியும் போயிற்று. பஸ், ஆட்டோ, சாப்பாடு என்று ஒவ்வொரு நடைக்கும் செலவு. சில ரூபாய் மாத்திரை, கைக்கு வந்து சேரும்போது சில நூறு ரூபாயாகிவிடுகிறது.

இந்தச் செலவைக் குறைக்க நாம் செய்யக்கூடியவை உண்டு.

ஒன்று: டாக்டர் பேட்ச் எழுதினால், சாதாரண மார்பின் மாத்திரை போதாதா என்று தயங்காமல் கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களைப் போன்ற சிலருக்குப் பேட்சே தேவைப்படலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். மற்ற மருந்துகளையும் கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பெயரில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு: ஈ.எஸ்.ஐ. தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவிகிதம் பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 சதவிகிதம் கட்டவேண்டும். தொழிலாளிக்கும் அவரை நம்பியுள்ள குடும்பத்தாருக்கும் வைத்தியமும் மருந்தும் இலவசம். அது தர்மம் அல்ல, உரிமை.

மூன்று: ஈ.எஸ்.ஐ. இல்லாத விவசாயக் கூலிகள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நோய் ஆதரவு சிகிச்சை கேட்டுப் பெறுங்கள். நோயாளியை அலைக்கழிக்காமல் உறவினரிடம் மருந்து தரமுடியுமா, எத்தனை நாளைக்குத் தரமுடியும் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையானவர்களை நர்ஸ் வீட்டுக்கே வந்து கவனிக்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

நான்கு: காசு மிச்சம் என்று வேளை தவறவிடாதீர்கள். டாக்டர் சொன்ன நேரப்படி விழுங்கினால்தான் வலி அடங்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வேலை செய்த இடுப்புவலிக்கு நோயாளியின் மாத்திரையை எடுத்து விழுங்குவது உயிருக்கே உலை வைக்கும். மிஞ்சியதை ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள்.

ஆனால் தனி ஒருவனின் சிக்கனத்தால் மட்டும் இந்தக் கொடுமை தீராது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியும், ஒவ்வொரு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் மார்பினுக்கு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இருப்பு ஒருநாளும் தீரக்கூடாது. எழுதிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற டாக்டர் இருக்கவேண்டும். மருந்து உண்டு என்பதை வாசலில் பலகையில் எழுதி வைக்கவேண்டும்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்து மனுக் கொடுக்க வேண்டும். ஆயுள் முழுதும் உழைத்தவன் கடைசி நாட்களில் அலறிச் சாகவேண்டியதில்லை. மருந்து இருக்கிறது, சட்டமும் இடம் தருகிறது. கேட்டுப் பெறுவோம்!