கடலடித் தரை யாருடையது?

நீருள் பாயும் போர்க்கணைகளை ஓட்டிப் பார்க்கும் ஆய்வுக்களத்திற்கு இடம் தேர்வது எளிய வினையன்று. எங்கும் நீர்தானே, எவ்விடமாயினும் ஆகாதோ என்பார்க்கு விடை: ஆகாது. நீருக்கடியில் கண்ணுக்கு வேலை குறைவு, செவியே கண். கணையின் ஒலி, கடலடியில் பதித்த ஒலிவாங்கிகள் ஒவ்வொன்றையும் எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டே அது சென்ற வழியை வரைகின்றனர். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். நொடியில் ஆயிரத்திலொரு கூறு பிழைப்பினும் கணக்கில் ஒன்றரை மீட்டர் பிழைக்கும். ஆகவே, ஒலிவாங்கிகள் நிற்கும் இடம் நுட்பமாக அளக்கப்பட்டிருத்தல் வேண்டும். கப்பல் இரைச்சலும் அலைக்கொந்தளிப்பும் குறைந்திருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் பொருந்திய இடமென்று, கனடாவின் மேலைக்கரையில் வான்கூவர் தீவையொட்டிய நனூசு விரிகுடாப் பகுதியைத் தேர்ந்து, 1965-இல் கனடாவும் அமெரிக்காவும் கூட்டுக்களம் அமைக்க உடன்பட்டன. ஆழம் ஏறத்தாழ 400 மீட்டர். தரையோ மேடுபள்ளமற்ற மென்சேறு. வெடிமருந்தின்றி விடப்படும் கணை, ஓட்டம் முடிந்து அமிழ்ந்தாலும் உடையாது; மீட்டெடுத்து ஆராயலாம். (அதனொடு சென்ற செப்புக் கம்பியும் கழற்றிவிட்ட ஈயக்கட்டிகளும் சேற்றிலேயே தங்கிவிடும் என்பது வேறு செய்தி.)

இத்தனையும் பொறியியலார் கணக்கு. அத்தரைக்கு உரியவர் யார் என்பது அக்கணக்கில் வாராது. சியார்சியா நீரிணையின் அடித்தரை பிரித்தானியக் கொலம்பியா மாநிலத்துக்கே உரியதெனக் கனடாவின் உச்ச நயன்மன்றம் 1984-இல் கூறிற்று. தம் ஆறுகளுக்குத் திரும்பும் சால்மன் மீன்களை அமெரிக்கப் படகுகள் வழியிலேயே அள்ளுகின்றன என்ற பூசலில் பேச்சு முறிந்தபோது, 1997-இல், களத்திற்குத் தந்த இசைவை நீக்குவதாக அம்மாநில அரசு அறிவித்தது. தன் மீனவர்க்காக ஒரு மாநிலம் வல்லரசின் படைக்களத்தையே பிணையாக நிறுத்தியது! நடுவணரசு என்ன செய்தது? 1999 சூனில் மீன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. செபுதம்பரில் அத்தரையையே சட்டத்தின் வழி தனதாக்கிக்கொண்டது.

நாட்டுக்காவல் வேண்டா என்பார் நாமல்லேம். களம் வேண்டுமெனில், ஆழமும் அமைதியும் அளக்குமுன் உரியாரின் இசைவைப் பெறுதல் வேண்டும். பெற்ற இசைவு நீங்கின் மீண்டும் பேசுதல் வேண்டும். பறித்தல் இடத்தேர்வு ஆகாது.

இன்னொன்றும் உண்டு. நனூசு என்னும் பெயரே அக்கரையின் முதற்குடிகளாகிய சுனா-நா-வாசு மக்கள் பெயரின் திரிபு. 1984 வழக்கிலோ, உரிமை இம்மாநிலத்ததா நடுவணதா என்பதே கேள்வி.