சக்கரத்தைப் பூட்டும் அதிகாரம்

தூத்துக்குடியின் மில்லர்புரம் போன்ற பகுதிகளில் அடுக்குமாடிகள் பெருகிவரும் நிலையில், வீடுகளைத் தூண்களின்மேல் நிறுத்தி அடியில் வண்டிகளுக்கென விடப்படும் ஸ்டில்ட் தளத்தைக் கட்டுநர் தனியே விற்க முடியாது என்று, மகாராஷ்டிரச் சட்டமொன்றின்கீழ் எழுந்த நகல்சந்த் லாலூசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் அளித்த தீர்ப்பை இங்கு வீடு வாங்குவோரும் அறிந்திருப்பது அவசியம். திறந்தவெளி நிறுத்துமிடமோ, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பொதுப்பகுதி, அதாவது வீட்டுக்காரர் அனைவருக்கும் உரியது. அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்துடையதுதான். ஆனால், உப்புக்காற்றில் துருவேறிய சங்கிலியைச் சக்கரத்தில் மாட்டி, பணம் கட்டினால்தான் திறப்போம் என்று ஒப்பந்தக் காவலாளி நிற்பது அத்துமீறல். பொது இடத்தில் கைவிடப்பட்ட வண்டியைப் பூட்ட அனுமதிக்கும் அதிகாரத்தைக்கூட மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு சீருடையணிந்த காவல்துறை அதிகாரிக்கே வழங்குகிறது.