டீச்சரம்மாவின் மழைக் கணக்கு

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகும்போது, கயத்தாறு வருவதற்கு முன்னால் இடைசெவல் என்று ஓர் ஊர் வரும். ஜன்னலோரம் கொஞ்சம் கண் அயர்ந்தால் ஊர் கடந்துவிடும். ஆனால் அங்கே இரண்டு பெரிய எழுத்தாளர்கள் பிறந்தார்கள், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். இருவருக்கும் சாகித்திய அகாதமி பரிசு. அந்தச் சின்ன ஊருக்கு இது போதாதா? கி.ரா. தம் படிப்பைப் பற்றி வேடிக்கையாக ஒன்று சொல்வதுண்டு. தாம் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினாராம். அப்போதும் பாடத்தைக் கவனிக்காமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்!

"இந்த வாரம் இலக்கியமா?" என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. விஷயம் பள்ளிக்கூடத்தைப் பற்றியதுதான். அந்த மழையைப் பாடமாகவே வைத்துவிட்டால் என்ன என்பதுதான் என் யோசனை.

நம் குழந்தைகள் வாயில் இப்போது 'டேட்டா', 'டேட்டா' என்ற வார்த்தை அடிபடுகிறது. விவரங்களைச் சேர்த்து, அலசி, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவதை டேட்டா அனலிடிக்ஸ் என்கிறார்கள். தமிழில் தரவுப் பகுப்பாய்வு. தமிழக அரசு 2025-ல் 'டி.என். ஸ்பார்க்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை செயற்கை நுண்ணறிவு, ரோபோ, இணையக் கருவிகள் எல்லாம் சொல்லித் தருவதற்காக ஏற்பட்டது. சொல்லித் தர வேண்டியவர் யார்? நம் கணக்கு டீச்சரும் சயன்ஸ் டீச்சரும்தான். ஆகவே முதலில் அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்தப் படம் வரும் என்று காட்டுவது அரை நாள் வேலை. அதைப் பையன்களே டீச்சருக்குக் காட்டிவிடுவார்கள்! எந்த எண்ணை நம்பலாம், எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதைத்தான் டீச்சர் தம் கையால் செய்து பழக வேண்டும்.

வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்களேன். பதினோரு மாதம் மாதத்துக்கு 20,000 ரூபாய் செலவு. ஒரு மாதம் நாத்தனார் கல்யாணம், 2,60,000 ஆகிவிட்டது. வருஷச் சராசரி என்ன? மாதம் 40,000! அவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "மாதம் நாற்பதாயிரமா செலவழிக்கிறாய்?" என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வராதா? நாற்பதாயிரம் செலவான மாதம் ஒன்றுகூடக் கிடையாது. செலவுகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக எழுதி நடுவில் நிற்பதைப் பாருங்கள், 20,000 வரும். இதற்குத்தான் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் 'இடைநிலை அளவு' என்று பெயர். பத்தாம் வகுப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், 'மாறுபாட்டுக் கெழு' வருகிறது. பெயரைக் கேட்டாலே பிள்ளைகள் மிரளுகிறார்கள். சராசரியை விட்டு எண்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் அளவு, அவ்வளவுதான்.

இந்த அளவை மனப்பாடம் செய்யாமலே கரிசல் காட்டுச் சம்சாரி அறிந்து வைத்திருக்கிறார். மானாவாரி பூமி. பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் நிற்கின்றன. 'சராசரி மழை இவ்வளவு' என்றால் அவர் சிரிப்பார். சராசரியா வந்து விதைக்கும்? அந்த மழை வருஷா வருஷம் எவ்வளவு ஏமாற்றும் என்பதல்லவா அவர் கேள்வி! கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும் இந்தக் கரிசல் மண்ணின் கஷ்டத்துக்காகத்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ அதே கெழுவை, புத்தகம் கொடுத்த எண்களைப் போட்டு, ஐந்து மார்க்குக்காகச் செய்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

ஆகவே, டீச்சருக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். கழுத்தை வெட்டிக் கவிழ்த்தால் புனல். பக்கத்தில் ஓர் அளவுகோல். மழைமானி தயார். தினம் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுத வேண்டும். வானிலை இலாகாவின் வழக்கம் அதுதான். 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த தூறல் விழுந்த நாளை அவர்கள் 'மழை நாள்' என்று சேர்ப்பதில்லை. ஏன் சேர்ப்பதில்லை என்று ஒரு மணி நேரம் வகுப்பில் சண்டை போடலாம். நல்ல சண்டை!

சிக்கல் அதற்கப்புறம்தான் வருகிறது. 2023 டிசம்பர் 17-ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? தூத்துக்குடி ஜில்லா மிதந்ததே, அந்த நாள். மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோவில்பட்டியிலும் ஏறக்குறைய அரை மீட்டர். 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று வெள்ளத்துக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை. அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் நம் பாட்டில் இருந்திருந்தால், பார்த்து எழுத யார் வந்திருப்பார்கள்? வந்தாலும் ஒரு சாண் பாட்டிலில் அரை மீட்டர் மழை எப்படி நிற்கும்? வழிந்து ஓடியிருக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? காலியாக விட்டால், கம்ப்யூட்டரில் ஏற்றும் பிள்ளை அங்கே பூஜ்யம் போட்டுவிடலாம். ஜில்லாவே மூழ்கிய நாளில் மழையே இல்லை என்று கணக்கு சொல்லும்! மழை இல்லாததும், பார்க்க ஆள் இல்லாததும், பாட்டில் நிரம்பி வழிந்ததும் ஒன்றாகுமா? முதலாவதற்குப் பூஜ்யம். இரண்டாவதற்கு வெற்றிடம். மூன்றாவதற்கு 'குறைந்தது இவ்வளவு' என்று எழுத வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த டீச்சர்தான் பகுப்பாய்வைத் தொடங்கியவர். மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். வருகைப் பதிவு முதல் எத்தனையோ விவரங்களை 'எமிஸ்' என்னும் இணைய ஏட்டில் ஏற்றுவதே பெரிய பாரமாக இருக்கிறது என்று ஆசிரியர்கள் வெகு காலமாகக் குறைபட்டு வந்திருக்கிறார்கள். நியாயம்தான். மேலே அனுப்புவதற்கே விவரம் சேர்த்துச் சேர்த்து அலுத்தவரிடம் போய், "டேட்டா எவ்வளவு சுவாரஸ்யம் தெரியுமா!" என்றால் என்ன தோன்றும்? ஒரு நாள் பயிற்சி கொடுத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினால் இந்த அலுப்பு தீராது. ஐப்பசியில் பாட்டிலை வைக்கச் சொல்லி, தையில் அதே டீச்சர்கள் நோட்டுகளோடு மறுபடி கூடட்டும். விட்டுப்போன நாட்களை என்ன செய்தீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்கட்டும். அந்த மூன்று மாதத்துக்கு வேறு ஏதாவது ஒரு வேலையை அவர்கள் தலையிலிருந்து இறக்கி வைக்கவும் வேண்டும். இது இல்லாமல் மற்றதைப் பேசுவது சுலபம், நான்கூடப் பேசுவேன்.

உங்கள் பெண்ணோ பிள்ளையோ உயர்நிலைப் பள்ளியில் படித்தால், வீட்டு மாடியிலேயே ஒரு பாட்டிலை வைக்கச் சொல்லுங்கள். மரத்தடியிலும் கூரைச் சாரலிலும் வேண்டாம். ஊருக்குப் போகும் நாட்களுக்குக் கட்டத்தைக் காலியாக விடட்டும். பக்கத்து ஊர் அளவை வாங்கி எழுதினால், ஓரத்தில் 'இது எங்கள் பாட்டில் இல்லை' என்று சின்னதாக ஒரு குறிப்புப் போடச் சொல்லுங்கள்.