சாவிக்கு முன்னே வட்டி வந்தது!



டில்லி சுற்றுவட்டாரத்தில் அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களின் வழக்கில், 2025ல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ., விசாரணைக்கு உத்தரவிட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். 'சாவி கைக்கு வரும்வரை நீங்கள் தவணை கட்ட வேண்டாம், நாங்களே கட்டுகிறோம்' என்று பில்டர்கள் ஆசை காட்டினார்களாம். வங்கியும் கடன் தொகையை மொத்தமாக பில்டரிடம் தூக்கிக் கொடுத்ததாம். கொஞ்ச நாளில் பில்டர் தவணையை நிறுத்தினார். கடன் யார் பெயரில் இருக்கிறது? வாங்கியவர் பெயரில். வங்கி அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டியது. வேலை எவ்வளவு நடந்திருக்கிறதோ, அதற்குத் தக்கபடிதான் பணம் விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லியும் இந்தக் கதி.

'அது டில்லி கதை, நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்ட என்னால் முடியவில்லை. பிளஸ் 2 வரை படித்த சாதாரண இல்லத்தரசி நான். ஆனால் இந்த விஷயத்தில் பட்ட பாட்டில் ஒரு டிகிரியே வாங்கலாம்!

2019ல் சென்னை புறநகரில் ஒரு பிளாட் பதிவு செய்தோம். வெறும் மண்ணும், ஒரு பெரிய போர்டும்தான் அப்போது இருந்தது. விலை 50 லட்சம். அதே தெருவில் கட்டி முடித்த பிளாட் 56 லட்சம். '6 லட்சம் மிச்சம், 2 வருஷம் பொறுத்தால் போச்சு' என்று என் கணவர் கணக்குப் போட்டார். என் 18 பவுன் நகையை விற்றோம். மீதிக்கு வங்கிக் கடன். ஒப்பந்தம் பதிவாகும் முன்பே, 'இடம் பிடித்து வைக்கணும்' என்று எங்களிடம் 10 லட்சம் வாங்கி விட்டார்கள். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அப்படி வாங்கவே கூடாது என்று 2016ம் ஆண்டு ரெரா சட்டம் சொல்கிறது. எங்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

2021ல் வர வேண்டிய சாவி, 2023ல் வந்தது. முதலில் கொரோனா என்றார்கள், அப்புறம் ஆள் இல்லை, மணல் இல்லை, லிஃப்ட் வரவில்லை... கொரோனாவை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மைக் காரணம் வேறு என்று பின்னால்தான் புரிந்தது. ஒவ்வொரு கான்கிரீட் தளம் போட்டதும் இத்தனை சதவீதம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. கடைசித் தளம் போட்டபோது 85 சதவீதப் பணம் போய்விட்டது. பூச்சு, டைல்ஸ், குழாய், மின்சாரம் என்று கையைக் கடிக்கும் வேலை எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதற்கு வரவேண்டிய பாக்கியோ 15 சதவீதம்! முழுச் சம்பளத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்ட வேலைக்காரர் எந்த அவசரத்தில் வேலையை முடிப்பார், சொல்லுங்கள்?

இந்தப் பக்கம் வாடகை, அந்தப் பக்கம் வட்டி. அசலில் ஒரு பைசா குறையவில்லை. 'கட்டி முடிக்காத வீட்டுக்கு ஏம்மா வட்டி கட்டறீங்க?' என்று என் மாமியார் அப்பாவியாகக் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஒருநாள் மளிகைக் கணக்கு நோட்டிலேயே அந்த '6 லட்சம் மிச்ச'த்தைக் கணக்குப் பார்த்தேன். வட்டியை விடுங்கள், எப்படி வாங்கினாலும் வட்டி உண்டு. 4 வருஷ வாடகை, மாதம் 12,000 வீதம் 5,76,000 ரூபாய். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஜி.எஸ்.டி., 5 சதவீதம், 2,50,000 ரூபாய். நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி.,யே கிடையாது. ஆக மொத்தம் 8,26,000. மிச்சம் எங்கே? 2 லட்சத்துக்கு மேல் நஷ்டம்தான்!

அதற்காக, கட்டும்போதே வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. சொன்ன தேதியில் சாவி தரும் நல்ல பில்டர்களும் இருக்கிறார்கள். பணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டும் வசதி, நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். சட்டமும் நம் பக்கம்தான் நிற்கிறது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தக் கட்டடத்துக்கே செலவழிக்க வேண்டும். தாமதமானால் பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். வீடுதான் வேண்டும் என்றால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். கட்டுமானக் குறை தெரிந்தால், சாவி வாங்கி 5 வருஷம் வரை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

ஆனால், சட்டம் தானாக வந்து நம் கதவைத் தட்டாது. எங்கள் கட்டடத்தில் பெண்கள் ஒன்று சேர்ந்து, கணவர்களைக் கிளப்பி, ரெரா ஆணையத்தில் புகார் கொடுத்த பிறகுதான் வேலை சூடு பிடித்தது. அதை இரண்டு வருஷம் முன்பே செய்திருக்கலாம்.

வாங்கப் போகும் தோழிகளே, இதையெல்லாம் கேளுங்கள். ரெரா பதிவு எண்ணை வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் வீட்டுப் பிள்ளைகளைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடிக்க வேண்டிய தேதி அதிலேயே இருக்கும். சதுர அடி என்றால் 'கார்ப்பெட் ஏரியா' எவ்வளவு, பிரிக்கப்படாத மனைப் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைசி வேலைகளுக்கென்று கணிசமான தொகையை நிறுத்தி வைக்க முடியுமா என்று பேரம் பேசுங்கள். விளம்பரப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் சமையலறையில் படத்தில் இருந்த பரண், வீட்டில் இல்லை. 'படம்தானே மேடம்' என்று சிரித்தார் மேனேஜர். பொய் விளம்பரமும் சட்டப்படி குற்றம்தான் என்று புத்தகத்தை எடுத்துக் காட்டியதும், ஒரே வாரத்தில் பரண் வந்தது!

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். வங்கியில் புள்ளி வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். 'சார் பார்த்துப்பார் மேடம்' என்றார்கள். கடனில் நான் கூட்டுக் கடன்தாரர். அவர் கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டும். ஆனால் கிரையப் பத்திரத்தில் என் பெயர் இல்லை! கடனில் பெயர் இருந்தால் வீட்டிலும் பங்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது வேறு, இது வேறாம். இப்போது பெயர் சேர்க்கலாம் என்றால், பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. வங்கியின் சம்மதம் வேண்டும், மறுபடி பத்திரச் செலவும் உண்டு. என் கணவர் நல்லவர், குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இன்று ஒரு பவுன் விற்கிற விலையைப் படிக்கும்போதெல்லாம், அந்த 18 பவுன் ஞாபகம் வருகிறது. நகையாக இருந்தபோது அது என்னுடையது. சுவராக மாறிய பிறகு அது யாருடையது என்று காகிதத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நகையைக் கழற்றும் முன், பத்திரத்தில் பெயரைக் கேளுங்கள் தோழிகளே!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை புறநகர்.