சிறுமலையா, வண்டிப் பாதையா?

செமஸ்டர் முடிஞ்ச மறுநாளே எல்லா கேங்க்லயும் இந்த டயலாக் வந்துடும். "மச்சி, எங்கயாச்சும் காட்டுக்குள்ள வண்டியை விடுவோம்டா!" லடாக் வீடியோவா பார்த்துப் பார்த்து ஏறின சூடு. லடாக்குக்கு பட்ஜெட் இல்ல. நாகல் நகர் ரவுண்டானாவுல டீ குடிச்சுக்கிட்டே கிழக்கால பார்த்தா சிறுமலை தெரியுது. அப்புறம் என்ன? "ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணி, டேங்க் ஃபுல்" அப்படின்னு பிளான் முடிஞ்சிடும். இதுதான் பிளான்னா, பாஸ், கொஞ்சம் உக்காருங்க. பேசணும்.

மொதல்ல வண்டி. "என்கிட்ட ஹிமாலயன் இல்லையே"ன்னு ஃபீல் பண்ணாதீங்க. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தது 2016-ல, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-ல. அதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ல பால்காரரும் ஆட்டுக்காரரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை மேடு பள்ளம் பார்க்காம ஓட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. பெங்களூரு சி.எஸ்.சந்தோஷ் 2015-ல டக்கார் ராலியை முழுசா ஓட்டி முடிச்ச முதல் இந்தியர். அவர் வண்டியும் நம்ம வண்டியும் வேற வேற ஜாதி, ஒத்துக்கறேன். எக்ஸ்பல்ஸ்ல தரைக்கும் வண்டி அடிவயித்துக்கும் நடுவுல 220 மில்லிமீட்டர் இடைவெளி. அப்பாவோட ஸ்ப்ளெண்டர்ல அவ்வளவு இல்ல. அதனால கல்லு துருத்திக்கிட்டிருக்கிற பாதையில வேகம் காட்டாதீங்க, எஞ்சின் அடியில வாங்கும். அவ்வளவுதான் வித்தியாசம். மண் ரோட்டுக்கு நூறு சி.சி. தாராளம்.

இப்ப இடம். சிறுமலை ரோடு 18 கொண்டை ஊசி வளைவு. தார் ரோட்டுல போய் பழனி பஸ் ஸ்டாண்டு டீயை விட நல்ல டீ குடிச்சிட்டு இறங்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பிரச்னை எங்கன்னா, "அந்தா ஒரு ஒத்தையடிப் பாதை போகுது பாரு, உள்ள விடு"ன்னு ஒருத்தன் சொல்வான் பாருங்க, அங்கதான். அது காப்புக்காடு. 1882-ல வெள்ளைக்காரன் போட்ட வனச் சட்டம் இன்னிக்கும் தமிழ்நாடு வனச் சட்டமா உயிரோட இருக்கு. அத்துமீறி நுழைஞ்சாலே குற்றம். அந்தப் பாதையெல்லாம் வாழைத்தார் சுமக்கிற குதிரைங்க நடந்து நடந்து போட்டது. சிறுமலை வாழைக்கு புவிசார் குறியீடு இருக்குங்கறது ஊருக்கே தெரியும். அதைக் கீழ கொண்டு வர்ற குதிரை எதிர்ல வரும்போது உங்க சைலன்சர் சத்தத்துல மிரண்டா, தாரும் போச்சு, குதிரைக்காரர் காலும் போச்சு.

"யாரு பார்க்கப் போறா"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு தேதி. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த ரெண்டு மலையேற்ற குரூப் காட்டுத்தீயில மாட்டினாங்க. இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. நிறைய பேர் இருபதுகள்ல இருந்தவங்க, நம்ம சீனியர் வயசு. அதே வருஷம்தான் மலையேற்றத்துக்குன்னு அரசு தனி விதிமுறை கொண்டு வந்துச்சு. காஞ்ச புல்லுல தீ எவ்வளவு வேகமா மலை ஏறும்னு அன்னிக்குதான் பலருக்குத் தெரிஞ்சது. இதுல வண்டிக்கு என்ன சம்பந்தம்னா, ரொம்ப நேரம் ஃபர்ஸ்ட் கியர்ல ஏறின வண்டியோட சைலன்சர்ல காஞ்ச புல்லு சிக்கினா அதுவே பத்திக்கலாம். பீடி, சிகரெட்டே வேணாம். அதனால பிப்ரவரியிலிருந்து கோடை மழை வர்ற வரைக்கும் மலைப் பக்கம் மண் பாதை ஆசையையே விட்டுடுங்க. தை மாசம் பெஸ்ட். மழை முடிஞ்சிருக்கும், தரை இறுகியிருக்கும், புல்லு பச்சையா இருக்கும்.

சரி, சிறுமலை வேணாம், வடக்கால அய்யலூர் காட்டுக்குப் போலாமா? அங்க இன்னொரு வீட்டுக்காரர் இருக்கார். தேவாங்கு! 2022 அக்டோபர்ல கரூர், திண்டுக்கல் மாவட்டத்துல 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமா அறிவிச்சாங்க. இந்தியாவுலயே தேவாங்குக்குன்னு முதல் சரணாலயம். கைக்குள்ள அடங்கற உருவம், முட்டைக் கண்ணு, ராத்திரியிலதான் நடமாட்டம். பயிரைத் தின்னுற பூச்சியைத் தின்னு விவசாயிக்கு உதவி பண்ணுது. மரத்துக்கு மரம் கிளை வழியாவே போகும். நடுவுல கிளை இல்லைன்னா தரையில இறங்கித்தான் தாண்டணும், அதுவும் ரொம்ப மெதுவா. நீங்க ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு "நைட் ரைடு" வந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சரணாலயத்து வழியா போற பொது ரோட்டுல போகலாம், சட்டம் தடுக்கல. ரோட்டை விட்டு இறங்கணும்னா வனத்துறை அனுமதி வேணும்.

"எல்லாத்தையும் வேணாம்னா எங்கதான்டா போறது?"

இதுக்குத்தான் வர்றேன். நம்ம வருவாய்த்துறை கணக்குல 'வண்டிப்பாதை புறம்போக்கு'ன்னு ஒண்ணு இருக்கு. மாட்டு வண்டி காலத்துல ஊருக்கு ஊர் போன பாதை. பட்டா பார்க்கிற அரசு இணையதளத்துல சர்வே நம்பரைப் போட்டா 'அ' பதிவேட்டுல அது வண்டிப்பாதையா, ஓடையா, காடான்னு தெரிஞ்சிடும். கிராம வரைபடம் வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இருக்கும். மொபைல் மேப்புல சாட்டிலைட் படத்தைப் பார்த்து, ரெண்டையும் ஒப்பிட்டுக் கோடு போடுங்க. வடமதுரை, வேடசந்தூர் சுத்து வட்டாரத்துல முருங்கைத் தோட்டத்துக்கும் கடலைக் காட்டுக்கும் நடுவுல புழுதி பறக்கற பாதை எத்தனையோ கிடக்கு. சர்வேயிங் லேப்ல தூங்கினவங்களுக்கு இது ரெண்டாவது சான்ஸ்! வரப்பு மேல மட்டும் ஏத்தாதீங்க. தோட்டத்துல யாராவது நின்னா வண்டியை ஆஃப் பண்ணி, "அண்ணே, இந்தப் பாதை எங்க போகுது?"ன்னு கேளுங்க. பாதி இடத்துல நுங்கோ மோரோ கிடைக்கும். மீதி இடத்துல நாய் துரத்தும்.

இறக்கத்துல நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற மகான்களுக்கு ஒரு கணக்கு. வண்டியும் ரெண்டு பேரும் சேர்ந்து 240 கிலோ. சிறுமலையிலிருந்து அடிவாரம் சுமார் 800 மீட்டர் இறக்கம். பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 19 லட்சம் ஜூல். ஆறு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. நியூட்ரல்ல வந்தா அதுல பெரும்பகுதி அந்தச் சின்ன பிரேக் டிரம்முக்குள்ளதான் போகணும். சூடு ஏறினா பிரேக் பிடிமானம் குறையும், பதினாறாவது வளைவுல அது தெரிய வரும். செகண்ட் கியர்ல எஞ்சினை இழுக்க விட்டு இறங்குங்க. மண் பாதையில முன் பிரேக்கை ஒரே அமுக்கா அமுக்காதீங்க, முன் சக்கரம் வழுக்கினா நேரா தாடைதான்.

ஒரு விஷயம் யாரும் பேசறதில்ல: இன்சூரன்ஸ். வண்டிக்கு 'ஆக்ட் ஒன்லி' பாலிசி மட்டும் இருந்தா, பின்னாடி உக்கார்ந்தவனுக்கு அந்தக் கம்பெனி பணம் தர வேண்டியதில்லைன்னு 2006-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. உங்களை நம்பி ஏறினவன் கால் ஒடிஞ்சா செலவு அவங்க வீட்டுத் தலையில. ஆர்.சி.யோட பாலிசி பேப்பரையும் ஒரு தடவை பிரிச்சுப் படிங்க. பின் சீட்டுக்காரருக்கும் ஹெல்மெட்.

மத்ததெல்லாம் சுருக்கமா: குறைஞ்சது மூணு வண்டி. ஒண்ணு விழுந்தா ஒருத்தர் கூட இருக்க, இன்னொருத்தர் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய் 108-க்கு அடிக்க. நடுவுல புழுதி அடங்கற அளவு இடைவெளி. மெதுவா ஓட்டறவர் முன்னாடி. ஸ்பேர் ட்யூப், பஞ்சர் செட், கிளட்ச் கேபிள் ஒண்ணு, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. நூத்தி இருபது கிலோமீட்டர் சுத்தினாலும் பெட்ரோல் மூணு லிட்டர்தான், லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிடுச்சுங்கறதால ரெண்டு பேரா ஷேர் போட்டுக்கங்க. எந்த ஊர் வழியா போறீங்கன்னு வீட்டுல நிஜமாவே சொல்லிட்டுக் கிளம்புங்க. "புராஜெக்ட் வொர்க்"னு சொல்லிட்டுப் போனா, ஆள் வரலைன்னா காலேஜ்லதான் தேடுவாங்க.

அய்யலூர் வழியா போற ஐடியா இருந்தா வியாழக்கிழமையைத் தவிர்த்துடுங்க. அன்னிக்கு ஆட்டுச் சந்தை. விடியறதுக்கு முன்னாடியே ரோடு முழுக்க ஆடும் லோடு வண்டியுமா நிக்கும்.